ஜுபைதாவின் காருக்கு ஒரு சைலன்சர்

கலீல் ரகுமானின் கார் முனையில் திரும்பும்போதே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். டிவி பார்க்கிறவர்கள் சத்தத்தைக் கூட்டுவார்கள். பிள்ளையைத் தூங்கவைத்தவர்கள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார்கள். எதிர்வீட்டு ஜெகன், தண்ணீர் கேன் போடுகிறவன், தன் டெம்போவிலிருந்து தலையை நீட்டி, "பாய், வர்றது காரா, டிராக்டரா?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பான். "ஏர்றதுன்னா ஏறு, இல்லாங்காட்டி கம்முனு போ" என்று கலீலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிரித்துக்கொண்டே போவார்.

சிரிக்காத ஆள் ஒன்று பக்கத்து சீட்டில் இருக்கும். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் இருக்கும் பையையே பார்த்தபடி. அதுதான் ஜுபைதா.

ஜுபைதாவின் கூச்சம் அந்தப் பக்கத்தில் பிரசித்தம். பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தால் "எறக்கம்" என்று சொல்லமாட்டாள். வேறு யாராவது இறங்கும் நிறுத்தம்வரை போய், அவர்களோடு சேர்ந்து இறங்கி, திரும்பி நடந்து வருவாள். கடைக்காரர் துவரம்பருப்புக்குப் பதிலாகக் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுத்தால் அன்றைக்கு வீட்டில் கூட்டு. ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. எந்த வீட்டில் புது மிக்சி, யார் வீட்டு மருமகள் அழுதுவிட்டு முகம் கழுவி வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்பதை முதலில் யாரும் நம்பவில்லை.

காரணம் மகள் அலீனா. அண்ணனூரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தாள். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. குழந்தை பிறந்து, லீவு முடியப்போகிறது. மாப்பிள்ளைக்கு ஆவடியில் ஷிப்ட். அவருடைய அம்மா ஊரில் மூட்டுவலியோடு இருக்கிறார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜுபைதா வந்தால் அலீனா வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் வேலையை விடவேண்டியதுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் ஜுபைதா. மகள் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கும்போது அவளுக்குள் என்ன நடக்கும் என்பதை அவள் வெளியே சொன்னதில்லை. ஆனால் அந்த அட்டையின் நாடா அழுக்கானபோது துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டவள் அவள்தான்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் பஸ், அங்கிருந்து ரயில் என்று போனால் அலீனாவின் காலை ரயில் போன பிறகுதான் ஜுபைதா போய்ச் சேருவாள். கலீல் கொண்டுபோய் விடலாம் என்றால் அவருக்கு அதே நேரத்தில் எதிர்த்திசையில், திருமழிசையில் வேலை. ஸ்கூட்டரில் போய்விடுவார். கார் வாசலில் சும்மா நிற்கும்.

"அம்மா, நீ ஓட்டேன்" என்றாள் அலீனா. சொன்னதோடு நிற்காமல் ஓட்டுநர் பள்ளியில் சேர்த்தும் விட்டாள்.

ஜுபைதா நன்றாகவே ஓட்டினாள். கார் வாங்கிய நாளிலிருந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கலீலின் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே வந்தவள் அல்லவா. சொல்லிக்கொடுத்தவர் திட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் கொட்டாவி விட்டார். லைசென்சும் வந்தது. ஆனால் அது அந்தப் பள்ளியின் கார். சத்தம் போடாத கார்.

சொந்தக் காரை முதல் தடவை எடுத்த அன்று அது போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "ஜுபைதாக்கா ஓட்டுது டோய்!" என்று ஜெகன் டெம்போவின் மேல் ஏறி நின்று கத்தினான். யாரோ கைதட்டினார்கள். நல்ல எண்ணத்தில்தான் தட்டினார்கள். ஜுபைதா முனைவரை போனாள். காரை ஓரமாக நிறுத்தினாள். சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாக நடந்து வீட்டுக்கு வந்து, அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறினாள்.

கலீல்தான் போய்க் காரைக் கொண்டுவந்தார். "இன்னா ஜுபைதா, நட்ட நடுவுல உட்டுட்டு வந்துட்ட?"

"ஓரமாத்தான் உட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் நான் தொடமாட்டேன்" என்றாள்.

"அவ்ளோதானே? சைலன்சர் ஓட்டையாயி கீது. மாத்திட்டாப் போச்சு."

மாற்றுவது என்றால் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். கலீல் ரகுமான் போகமாட்டார்.

அவர் எஸ்.எஸ். ஆள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அவர் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. திருமழிசையில் ஒரு பட்டறையில் ஹோட்டல் சமையலறைக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்வார்: கழுவுதொட்டி, மேஜை, டீ பாய்லர், அடுப்புக்கு மேலே தொங்கும் புகைக்கூண்டு. "இந்த ரோட்ல பாதி பிரியாணிக் கடைப் புகை நம்ம குழாய்லதான் மேல போவுது" என்பார். வீட்டிலும் அதே. கேட்டு எஸ்.எஸ்., ஜன்னல் கம்பி எஸ்.எஸ்., செருப்பு ஸ்டாண்டு, கொடிக்கம்பி, கொசுவத்தி வைக்கிற தட்டு எல்லாம் எஸ்.எஸ். எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுவைத்திருப்பார். யார் கண்ணிலும் படாமல் இருக்க ஆசைப்படுகிற ஜுபைதா, சொந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். பேரக்குழந்தைக்குத் தொட்டில்கூட அவர் எஸ்.எஸ். குழாயில்தான் செய்தார். மார்கழிக் குளிரில் குழந்தை அதில் கைபட்டு அலறியது. இப்போது அலீனா அதில் பழைய துணிகளைச் சுற்றி வைத்திருக்கிறாள்.

"கடைச் சைலன்சர் தகரம். ரெண்டு மழைக்குத் தாங்காது" என்றார் கலீல். "நான் செய்றேன் பாரு. உன் பேரன் பெரியாளாகி ஓட்டுவான், அப்பவும் துரு பிடிக்காது."

"அலீனா ஒண்ணாந்தேதி வேலைக்குப் போவணும்" என்றாள் ஜுபைதா.

"அதுக்குள்ள நாலு செய்வேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் கடை விரித்தார். காரைக் கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி, யாரோ ஒருவர் பிறந்தநாளுக்கு அடித்த பழைய பேனரைக் கீழே விரித்து, அதன்மேல் படுத்து உள்ளே நுழைந்தார். பேனரில் இருந்தவரின் கும்பிட்ட கை மட்டும் கலீலின் முழங்காலுக்குப் பக்கத்தில் வெளியே தெரிந்தது. பழைய சைலன்சரைக் கழற்றி இழுத்தபோது அதிலிருந்து ஒரு கூடைத் துரு கொட்டியது. அதைக் காலால் ஒதுக்கி, "த்தூ, இதெல்லாம் ஒரு பொருளா" என்று சைலன்சரை மதில் ஓரம் வீசினார்.

பட்டறை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்த துண்டுக் குழாய்கள். புகைக்கூண்டுக்குப் போடுகிற நல்ல அகலமான குழாய். ஜுபைதா கையுறை போட்டுக்கொண்டு குழாயைப் பிடித்துக்கொள்ள, அவர் வெல்டிங் வைத்தார். "அந்தப் பக்கம் திரும்பிக்கோ. கண்ணு போயிடும்" என்பார். திரும்பிக்கொள்வாள். "ஆடாதே" என்பார். "நான் ஆடல. நீங்கதான் பேசிகினே கீறீங்க" என்பாள்.

ஜெகன் தண்ணீர் கேனை இறக்கிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். "பாய், இவ்ளோ பெரிய குழாயா? உள்ள நானே பூந்து வெளிய வந்துடலாம் போலகீது."

"உனக்கு இன்னாடா தெரியும்? புகைன்னா அது எங்கயும் நிக்கக்கூடாது. வந்துச்சா, போச்சான்னு இருக்கணும். குழாய் பெருசா, வளைவு கம்மியா. முப்பது வருஷமா இதே வேலை எனக்கு."

"அது அடுப்பு பாய்."

"அடுப்புன்னாலும் என்ஜின்னாலும் புகை புகைதான்."

நடுவில் பெரிய பெட்டி ஒன்று வைத்தார். டீ பாய்லரின் உடம்பைப் படுக்கப்போட்ட மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, சுத்தமான வெற்றிடம். வெல்டிங் தழும்புகளைத் தேய்த்து, சோப்புப் போட்டு, பாலிஷ் போட்டார். காருக்கு அடியில் போகிற பொருளுக்கு எதற்குப் பாலிஷ் என்று ஜுபைதா கேட்கவில்லை. கேட்டால் அவர் கோபப்படமாட்டார், ஆனால் ஒரு மணிநேரம் விளக்குவார். தெருவில் போனவர்கள் எல்லோரும் குனிந்து அதில் முகம் பார்த்தார்கள். ஜெகன் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான்.

மாட்டி முடித்ததும் ஜுபைதாவைக் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்தார். சாவியைத் திருகினார்.

மின்கம்பியில் இருந்த காக்கைகள் மொத்தமாக எழுந்து போயின. வீட்டு எஸ்.எஸ். கேட்டு தானாக அதிர்ந்தது. முன்பு டபடபவென்று இருந்தது, இப்போது வயிற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி பெரிதாக, அடர்த்தியாக, நின்று நின்று முழங்கியது. முன்னூறு பேருக்குச் சாப்பாடு போடுகிற கூடத்தில் புகைக்கூண்டு இரைகிற இரைச்சல், அதற்குமேல் ஒரு மேளம்.

"பாய்!" ஜெகன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "துறைமுகத்துல இருந்து கப்பல கூட்டியாந்துட்டியா?"

கலீல் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். முகத்தில் கொஞ்சம் குழப்பம், அதைவிட அதிகம் பெருமை. "சவுண்டு கொஞ்சம் கம்பீரமா கீது இல்ல?" என்று மனைவியைத் தேடினார். அவள் வாசலில் இல்லை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கும் சத்தம்.

அன்று சாயங்காலம் அலீனா போன் பண்ணினாள். "அத்தா சைலன்சர் முடிச்சிட்டாராம்மா?"

"முடிச்சிட்டார்."

"எப்படி இருக்கு?"

"பளபளன்னு கீது."

அம்மாவின் குரலை அலீனா அறிவாள். "விடும்மா. நான் வேலைய விட்டுடறேன். இவன் கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன்."

"சொல்லாதே" என்றாள் ஜுபைதா. அவளுக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டது. "அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒண்ணும் சொல்லாதே."

போனை வைத்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மதில் ஓரத்துத் துருவை இன்னும் யாரும் பெருக்கவில்லை. பழைய சைலன்சரைப் புரட்டினாள். அடிப்பக்கம் அரித்துப்போய் வாய் பிளந்திருந்தது. உள்ளே இன்னொரு சின்னக் குழாய் தெரிந்தது. அது முழுக்கப் பொட்டுப்பொட்டாக ஓட்டை. அதைச் சுற்றிக் கறுத்துப்போன பஞ்சுமாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. துடைப்பக் குச்சியால் நோண்டிப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய், சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கலீலின் எதிரில் வைத்தாள்.

"சாப்புடற எடத்துல இத்த ஏன் கொண்டாந்த?"

"உள்ள பாத்தீங்களா நீங்க?"

"தகரத்துல இன்னாத்த பாக்கறது?"

"பாருங்க."

கலீல் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குனிந்தார். விரலை விட்டுப் பார்த்தார். டார்ச் கொண்டுவரச் சொன்னார். நெடுநேரம் பேசவில்லை. பேச்சு நின்றால் அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஜுபைதா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ரசம் ஊற்றினாள்.

"புகை நேரா போவுது" என்றார் கடைசியில், தட்டைப் பார்த்தபடியே. "சத்தம் மட்டும் ஓட்டை வழியா பக்கத்துல பூந்து, பஞ்சுக்குள்ள மாட்டிகினு கீது. தகரத்துல செஞ்சவன் கொஞ்சம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்."

"அத்த நம்மளும் செய்யலாமா?"

"ஓட்டைத் தகடு நம்ம கிட்ட கீது. கழுவுதொட்டிக்கு அடியில போடுறது. வெளிச்சுத்துக்கு ஓவனுக்குப் போடற கண்ணாடிப் பஞ்சு பட்டறையில கீது. ஆனா உள்சுத்துல குழாய ஒட்டினாப்ல அது நிக்காது, புகை அடிச்சிகினு போயிடும். அங்க வேற இன்னாத்தயாவது போட்டாவணும்..."

ஜுபைதா எழுந்துபோய் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். சுருள் சுருளாக, பளபளவென்று. கலீல் அதைப் பிரித்தார். முறுக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எஸ்.எஸ்.தான்" என்றார், சொந்தக்காரனைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவர்போல.

நார் வாங்கிவருகிற வேலை ஜுபைதாவின் தலையில் விழுந்தது. ஒன்றிரண்டு என்றால் கவலையில்லை. அவர் கேட்டது ஒரு பை நிறைய. கடையில் நின்று, மற்றவர்கள் எல்லாரும் வாங்கிப் போகும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டாள். கடைக்காரர் அட்டையோடு கழற்றிக் கொடுத்தார். "இன்னும் வேணும்" என்றாள். உள்ளேபோய் மூட்டையை எடுத்துவந்தவர், "இன்னாக்கா, ஊட்ல விசேஷமா?" என்று கேட்டார். இல்லை, காருக்கு என்று சொன்னால் அதற்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு ஒரு சிரிப்பு, சிரிப்புக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஜுபைதா தலையை ஆட்டிவைத்தாள்.

மறுநாள் ஜெகன் கேனை இறக்கும்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். "ஜமீருக்குப் பொண்ணு பாத்துட்டீங்களாமே. சொல்லவேயில்ல. நாங்கல்லாம் அந்நியமாயிட்டோம்."

ஜமீர் ஜுபைதாவின் மகன். ஷார்ஜாவில் இருக்கிறான், இந்தச் செய்தி அவனுக்கே தெரியாது. "அய்யோ, அதெல்லாம் இல்ல ஜெகன்" என்றாள் ஜுபைதா. அவள் வெட்கப்பட்ட விதத்தைப் பார்த்து அவன் கல்யாணம் நிச்சயம்தான் என்று முடிவுகட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை கலீல் தன் கையால் பாலிஷ் போட்ட பெட்டியைத் தானே கிரைண்டரால் அறுத்தார். அறுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க ஜுபைதாவுக்கே பாவமாக இருந்தது. ஓட்டைத் தகட்டைக் குழாயாகச் சுருட்டினார், முன்பைவிடச் சின்னதாக. இருவரும் வாசலில் எதிரெதிரே உட்கார்ந்து நாரைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார்கள், பூக்கட்டுகிறமாதிரி. "இறுக்கிச் சுத்து" என்றார் அவர். "ரொம்ப இறுக்காதே, மூச்சு விடணும்." "நீங்க சுத்தினதுதான் லூசா தொங்குது" என்றாள் அவள். அவர் தன் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி சுற்றினார். மேலே கண்ணாடிப் பஞ்சு, அதற்குமேல் பெட்டி, மறுபடி வெல்டிங். பாலிஷ் மட்டும் போடவில்லை. நேரமில்லை என்றார். உண்மையில் இன்னொரு தடவை அறுக்க நேர்ந்தால் மனசு தாங்காது என்று பயம்.

இந்தத் தடவை ஜுபைதா வாசலில் நிற்கவில்லை. அடுப்படியில் நின்று காதை மட்டும் வாசலில் வைத்திருந்தாள். கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காத்திருந்தாள். பால் பொங்கியது, அணைத்தாள். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

"எப்டி கீது?" என்று வெளியிலிருந்து கத்தினார் கலீல்.

"ஸ்டார்ட் பண்ணுங்க, சொல்றேன்!"

"அது ஓடிகினு கீது!"

ஜுபைதா வெளியே வந்தாள். பின்பக்கம் குனிந்து குழாய் முனையில் கையைக் காட்டினாள். சூடான காற்று விரலில் பட்டது. நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். சிரித்தாள். கலீலும் சிரித்தார். பிறகு தெருவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பார்த்தார். ஒருத்தரும் எட்டிப்பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துமுடித்த அன்றைக்கு, பார்ப்பதற்கு ஒரு நாதி இல்லை.

ஒன்றாம் தேதி காலை, கலீல் ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்பே ஜுபைதா கிளம்பினாள். "நானும் கூட வரட்டுமா?" என்றார். "வேணாம்." "முனை வரைக்கும்?" "நீங்க வந்தா எல்லாரும் பாப்பாங்க."

அவள் நினைத்தபடியே நடந்தது. யாரும் பார்க்கவில்லை. கார் பூனைபோல் தெருவில் போனது. ஆனால் யாரும் பார்க்காததால் யாரும் நகரவும் இல்லை.

முதலில் ஜெகன். நடுத்தெருவில் முதுகைக் காட்டி நின்று போனில் யாரிடமோ, "இன்னா மாமே, கேன் காலியா? நேத்துதானே போட்டேன்" என்று பேசிக்கொண்டிருந்தான். ஜுபைதா அவனுக்குப் பின்னால் காரை நிறுத்தினாள். முன்பெல்லாம் முனையில் திரும்பும்போதே ஒதுங்கிவிடுகிறவன் அசையவில்லை. அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் காலியான கேனைப் பற்றியும், கேனைத் திருப்பித் தராதவனைப் பற்றியும், அப்படிப்பட்டவன் அக்காளைப் பற்றியும் பேசினான். அண்ணனூரில் மகள் கைப்பையோடு வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்துகொண்டிருப்பது ஜுபைதாவின் கண்ணுக்குத் தெரிந்தது.

ஸ்டியரிங் நடுவில் கையை வைத்தாள். எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

ஜெகன் துள்ளிய துள்ளலில் போன் ஒருபக்கம், செருப்பு ஒருபக்கம் போயின. "அக்கா! எங்கருந்துக்கா வந்த? பேய் மாதிரி!"

"தள்ளிக்கோ ஜெகன்" என்றாள், ஜன்னலை இறக்கி. "நேரமாயிட்ச்சு."

அவன் வாய் பிளந்து நின்றான். கார் போனதாலா, ஜுபைதாக்கா தெருவில் பேசியதாலா என்று அவனுக்கே தெரியாது.

செந்நீர்குப்பத்தில் ஒரு மாட்டுக்கூட்டம். அழுத்தினாள். அடுத்து இரண்டு பைக்குகளில் இருவர் பக்கம்பக்கமாகக் கதை பேசிக்கொண்டு போனார்கள். அழுத்தினாள். பருத்திப்பட்டில் பஸ் நிறுத்தத்தில் சாலையின் பாதிவரை நின்ற கூட்டம், அவள் பக்கத்தில் வரும்வரை திரும்பவே இல்லை. நன்றாக அழுத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது, காது சுட்டது, வியர்த்தது, கார் மட்டும் நிற்கவில்லை. ஆவடி தாண்டும்போது ஒரு ஷேர் ஆட்டோக்காரர், "இன்னாம்மா இவ்ளோ அவசரம்?" என்று கேட்டதற்கு, "பொண்ணு வேலைக்குப் போவணும்" என்று பதிலே சொல்லிவிட்டாள்.

மாடிப்படியில் ஏறும்போது அலீனா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கழுத்தில் அட்டை, தோளில் பை, இடுப்பில் குழந்தை.

"எப்பம்மா வந்த? ஜன்னல்லயே நின்னுட்டிருந்தேன், சத்தமே கேக்கல."

"சத்தம் வராது. உங்க அத்தா செஞ்சது."

"வழியில யாரும் ஒண்ணும் சொல்லலியே? எப்படி ஓட்டிட்டு வந்த?"

"ஹாரன் அடிச்சிகினே வந்தேன்" என்றாள் ஜுபைதா, குழந்தையை வாங்கிக்கொண்டு.

"யாரு, நீயா?"

"நான்தான். ரயில் வந்துடப்போவுது, எறங்கு."

அலீனா இரண்டு படி இறங்கி, நின்று, அம்மாவை மறுபடி ஒருதடவை திரும்பிப் பார்த்தாள். "போடி" என்றாள் ஜுபைதா, கீழ்வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி. அலீனா சிரித்துக்கொண்டே ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள்.